இடுப்பில் அரைக் கிலோ

போன மாசம் ஏற்காட்டிலிருந்து ஒருவர் கண்ணங்குறிச்சியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். காப்பித் தோட்டக்காரர், கொஞ்சம் மிளகும் உண்டு. உட்கார்ந்ததும் செல்போனைத் திறந்து ஒரு வீடியோ காட்டினார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் கறுப்புக் கைத்துப்பாக்கியை ஒற்றை விரலில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இந்த பிளாஸ்டிக் துப்பாக்கி இங்க கெடைக்குமுங்களா? அப்பாவோட ரெட்டைக்குழலைத் தூக்கிட்டுத் திரிய முடியலைங்க."

நான் ஆயுதப்படையில் ஆர்மரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சுடுகிறவரைவிட, கழற்றித் துடைத்து மாட்டுகிறவனுக்குத் துப்பாக்கியின் குணம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். 303, 410 மஸ்கட், எஸ்.எல்.ஆர்., இன்சாஸ், கடைசிக் காலத்தில் கிளாக் என்று என் மேஜைக்கு வந்துபோனவை நிறைய. ஆனால் அவர் சொன்னதில் என் காதில் முதலில் விழுந்தது பிளாஸ்டிக் இல்லை, 'அப்பாவோட' என்ற சொல்.

"அப்பா எப்படி இருக்காருங்க?"

"அவர் தவறி ரெண்டு வருஷம் ஆச்சுங்ணா."

"லைசென்ஸ்?"

அது அப்பா பேரிலேயே இருக்கிறது, துப்பாக்கி பீரோவில் இருக்கிறது என்றார். சரி, லேசான துப்பாக்கிப் பேச்சு அப்புறம். லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு வீட்டில் இருக்கும் துப்பாக்கி, வாரிசைப் பொறுத்தவரை லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை 2 முதல் 5 ஆண்டு சிறை. அப்பா சொத்து, அடமானம்கூட வைக்கவில்லை என்றெல்லாம் அங்கே பேச முடியாது. காலம் கடத்தாமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், பிறகு வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்க வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு: அவருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சேர்வராயன் மலைத் தோட்ட வீடுகளில் பழைய பீரோக்களைத் திறந்தால் இப்படி எத்தனை இருக்குமோ, நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இனி அந்த வீடியோ. அதில் இருந்தது கிளாக் 17. அது 9 எம்.எம். அந்தத் தோட்டாவைப் போடக்கூடிய கைத்துப்பாக்கி நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட 'போர்', அதாவது குழலின் அளவு. மத்திய உள்துறை வரை போகிற விஷயம், நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரைபிளிலும் அப்படித்தான், 303, 7.62 ராணுவத் தோட்டா ஏறுகிற எதையும் மறந்துவிடலாம். வெளிநாட்டில் இருக்கும் மச்சான் வாங்கி அனுப்புவார் என்பதும் நடக்காது. நமக்கு மிஞ்சுவது .32 ரிவால்வர், .32 பிஸ்டல், .22, .315 ரைபிள், 12 போர். இந்தச் சின்ன வட்டத்துக்குள் நின்றுகொண்டுதான் லேசு, கனம் எல்லாம் பேச வேண்டும்.

விண்ணப்பம் சேலம் மாநகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனருக்கு, ஏற்காடு போல வெளியே என்றால் கலெக்டருக்கு. ஒருவருக்கு அதிகபட்சம் 2 துப்பாக்கி, லைசென்ஸ் 5 ஆண்டுக்கு. பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் வேண்டும். எதற்காக வேண்டும் என்ற கேள்விக்கு "சும்மா, ஒரு பாதுகாப்புக்கு" என்பது பதில் ஆகாது. லைசென்ஸ் கைக்கு வருமுன் எந்தக் கடையிலும் முன்பணம் கட்டாதீர்கள்.

பாலிமர், அதாவது அவர் சொன்ன பிளாஸ்டிக், என்றதும் பயப்படுகிறவர்கள் ஒரு பக்கம், அதை மந்திரம்போல் நினைப்பவர்கள் மறுபக்கம். ரெமிங்டன் கம்பெனி நைலான் உடம்பு வைத்த .22 ரைபிளை 1959-லேயே விற்றது. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் 1970-ல் பாலிமர் பிரேம் பிஸ்டலைக் கொண்டுவந்தது. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் கிளாக்கை எடுத்த பிறகுதான் உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. பிளாஸ்டிக் என்பதால் விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியாது என்று அன்று கிளம்பிய கதையை இன்றும் என்னிடம் வந்து சொல்கிறார்கள். கைப்பிடியோடு சேர்ந்த பிரேம்தான் முக்கியமாகப் பாலிமர். ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்), பாரல் (குழல்), ஸ்பிரிங் எல்லாம் எஃகு, எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். நம் ஊரில் லேசு என்பது முதலில் வேறு வழியில் வந்தது. கான்பூரில் 2014-ல் வந்த நிர்பீக் .32 ரிவால்வர் டைட்டானியம் கலவையில் செய்தது, எடை அரைக் கிலோ. இஷாப்பூர் ஆலையின் நிடர் .22 ரிவால்வர் கால் கிலோதான். 2023-ல் வந்த 'பிரபல்' ரிவால்வர் 700 கிராம். இப்போது பிரேசிலின் டாரஸ் கம்பெனி ஜிண்டாலோடு சேர்ந்து ஹரியானாவின் ஹிசாரில் ஆலை போட்டிருக்கிறது. ஆகவே கடைக்குப் போனால் லேசானதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள்.

நீட்டியதும் கையில் வாங்கி, "அட, பூ மாதிரி இருக்கே" என்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் ஏமாறுகிறோம். கடையில் காலித் துப்பாக்கியைத்தான் தூக்குகிறீர்கள். கிளாக் 17 வெறும் உடம்பு 625 கிராம், தோட்டா நிறைந்த மேகசினோடு (தோட்டாக் கூட்டோடு) 900-ஐத் தாண்டும். அதுகூடப் பரவாயில்லை. எடைக்கும், சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளுகிற உதைக்கும் இருக்கும் உறவைக் கடையில் யாரும் சொல்வதில்லை. ஒரே தோட்டாவை ஒரு கிலோ துப்பாக்கியிலும் அரைக் கிலோ துப்பாக்கியிலும் போட்டுச் சுட்டால், அரைக் கிலோ துப்பாக்கி இரண்டு மடங்கு வேகத்தில் பின்னால் வரும். உதையின் சக்தியும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாலிமர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதனால் உதை சுருக்கென்று குத்தாமல் பரவி விழும் என்பது உண்மை. அதற்காகக் கணக்கு மாறிவிடாது. தூக்கும்போது மிச்சம் பிடித்ததைச் சுடும்போது கட்டித்தான் ஆக வேண்டும்.

ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். லேசான துப்பாக்கி வாங்கியவர் முதல் 5 தோட்டாவை ஆசையாகச் சுடுவார். அப்புறம் கை தானாகப் பயந்துகொள்ளும். விசையை அழுத்துவதற்கு ஒரு நொடி முன்பே கண் மூடும், மணிக்கட்டு கீழே குனியும், தோட்டா காலடி மண்ணில் போய் விழும். அடுத்த மாசம் ரேஞ்சுக்கே வரமாட்டார். கனமான பழைய எஃகுத் துப்பாக்கி வைத்திருப்பவர் 50 தோட்டா சுட்டும் சிரித்துக்கொண்டே டீ குடிப்பார். இன்னொன்று, மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் லேசான பிஸ்டலில் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் தோட்டா சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி ரிப்பேர் என்று என்னிடம் கொண்டுவருவார்கள். நான் நாலு சுட்டுக் காட்டினால் ஒழுங்காக ஓடும்.

"வீட்டம்மாவுக்கு லேசா ஒண்ணு" என்று கேட்டு வருகிற கணவர்களுக்கு ஒரு வார்த்தை. யார் பெயரில் லைசென்ஸோ அவரையே அழைத்து வாருங்கள். பிஸ்டலில் கஷ்டம் தூக்குவதில் இல்லை, ஸ்லைடைப் பின்னால் இழுப்பதில். அந்த ஸ்பிரிங் எடை பார்த்து இளகுவதில்லை. ஒரு அம்மா கடையில் அந்தப் 'பெண்களுக்கான' பிஸ்டலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார், பாதிக்கு மேல் வரவில்லை. பக்கத்தில் இருந்த கனமான ரிவால்வரை எடுத்துக் கொடுத்தேன். கைக்கு அடங்கியது, விரல் நுனி விசையில் சரியாக உட்கார்ந்தது. 200 கிராம் கூடுதல் என்று கணவர்தான் குறைப்பட்டார்.

மலைக்கு வருவோம். ஏற்காட்டில் பாலிமருக்கு நான் முழு மார்க் கொடுக்கிற இடம் ரைபிளின் கட்டைதான், தோளில் ஊன்றிக் குழலைத் தாங்குகிற பாகம். மரக்கட்டை மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும், வெயில் காலத்தில் சுருங்கும். பாரலை ஒரு பக்கமாக நெருக்கும், ஜூலையில் சரியாக விழுந்த குறி மார்ச்சில் தள்ளி விழும். பாலிமர் கட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மலிவான, உள்ளே கூடாக இருக்கும் கட்டை வாங்கினால் தோள் வாரை இறுக்கினாலே வளைந்து பாரலைத் தொடும். முன்பக்கத்தைக் கையால் பிடித்து அழுத்திப் பாருங்கள். வளைந்தால் வேண்டாம்.

பாலிமர் துரு பிடிக்காது, ஆகவே துடைக்க வேண்டாம் என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான் என் பழைய தொழிலுக்கு ஆகாதது. பிரேம் துருப் பிடிக்காது, அதன்மேல் ஓடுகிற எஃகு பிடிக்கும். ஒரு ஐப்பசி முழுக்கத் தோல் உறையிலேயே கிடந்த பிஸ்டல் ஒன்று என்னிடம் வந்தது. வெளியே புதுசு. ஸ்லைடைக் கழற்றினால் உள்ளே செங்கல் பொடி. பனிமூட்டத்தின் ஈரத்தைத் தோல் இழுத்து வைத்துக்கொள்ளும், அது துப்பாக்கிக்கு நனைந்த துணியைச் சுற்றி வைத்ததற்குச் சமம். உறை வேறு, வைக்கும் பெட்டி வேறு. வெளியே போய் வந்த அன்றே புல்-த்ரூ (குழலைத் துடைக்கும் துணி கட்டிய கயிறு) போட்டு இழுத்து, லேசாக எண்ணெய் தடவி வையுங்கள், பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் போடுங்கள். பாலிமர் பாகத்தைப் பெட்ரோல், தின்னர் என்று கண்டதில் ஊறவைக்காதீர்கள். பிடிப்புக்காகச் சூட்டுக்கோல் வைத்துக் கோடு போடுகிற ஆட்களிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கிளாக் மாதிரியான பிரேமில் துப்பாக்கி எண் ஒரு சின்ன உலோகத் தகட்டில் பதிந்திருக்கும். அது சிதைந்தால் ஆயுதச் சட்டத்தில் தனி வழக்கு.

இவ்வளவும் சொன்ன பிறகும், லேசான துப்பாக்கியில் எனக்கு இருக்கும் உண்மையான பயம் இது எதுவும் இல்லை. கனமான துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்கும், ஏனென்றால் அதைத் தூக்கிக்கொண்டு திரிய யாருக்கும் ஆசை இல்லை. லேசானது கூடவே வரும். முதலில் இடுப்பில், அப்புறம் கைப்பையில், காரின் முன்பெட்டியில், தலையணைக்கடியில். இருப்பதே மறந்துபோகும். ஒரு வீட்டில் காரிலிருந்து எடுத்து வந்த பிஸ்டலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருக்கிறார். மேகசினைக் கழற்றிவிட்டோம் என்ற தைரியம். சேம்பரில், சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதியில், ஒன்று இருந்தது. அஞ்சு வயசுப் பேரன் எடுத்திருக்கிறான். எஃகு ரிவால்வராக இருந்தால் அந்தக் கையால் தூக்கி நீட்டியிருக்க முடியுமா என்பது சந்தேகம். இது பொம்மைத் துப்பாக்கியின் அதே கறுப்பு, கைக்கும் லேசு. சுவரில் ஓட்டை விழுந்ததோடு போயிற்று. துப்பாக்கியில் கோளாறா என்று பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். எந்தக் கோளாறும் இல்லை. பல பாலிமர் பிஸ்டல்களில் தனியாகத் தள்ளும் சேஃப்டி கிடையாது, விசையை அழுத்தினால் சுடும். சட்டை நுனியோ சேலைத் தலைப்போ உறைக்குள் மாட்டி விசையை இழுத்தாலும் சுடும்.

காட்டெருமைக்கும் பன்றிக்கும் பயந்து கேட்பவர்கள் மலையில் அதிகம். .32 தோட்டா காட்டெருமையை நிறுத்தாது, கோபப்படுத்தும். அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, சுட்டால் ஜெயில். பன்றித் தொல்லைக்கு வனத்துறையிடம் மனு கொடுப்பதுதான் வழி. நாட்டுத் துப்பாக்கி பற்றி யாரும் என்னிடம் பேச்சே எடுக்க வேண்டாம்.

தோட்டக்காரருக்குக் கடைசியாக ஒரு வேலை கொடுத்தேன். அரைக் கிலோ துவரம்பருப்புப் பொட்டலம் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு வாரம் இருங்கள். தோட்டத்துக்கு, பேங்க்குக்கு, கல்யாணத்துக்கு, எங்கே போனாலும். வீட்டுக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும், கண் பார்வையை விட்டு ஒரு நிமிஷம்கூட வெளியே வைக்கக்கூடாது. சிரித்துக்கொண்டேதான் போனார்.

நாலாம் நாள் போன் வந்தது. அப்பாவின் ரெட்டைக்குழலை ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டதாகச் சொன்னார். சந்தோஷம் என்றேன். பருப்பு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"அதுங்களா... நேத்து ஒண்டிக்கடை பக்கம் டீக்கடை பெஞ்சுல வெச்சுட்டு வந்துட்டேங்ணா. போய்ப் பாத்தா காணோம்."