கைதட்டு முன்னங்காலுக்கு, மதிப்பெண் பின்னங்காலுக்கு

குதிரையின் பயிற்சியையும் அசைவுகளையும் மதிப்பிடும் டிரெஸ்ஸாஜ் போட்டியில், நீட்டிய டிராட் (அடிகளை நீளமாக எடுத்து வைக்கும் துள்ளோட்டம்) தொடங்கியதும் பார்ப்பவர்கள் கண் முன்னங்காலில் ஒட்டிக்கொள்கிறது. அது உயர வீசப்படுவது அழகுதான். ஆனால் குதிரை சரியாக இயங்குகிறதா என்பதைப் பின்னங்காலும் முதுகும்தான் சொல்லும்.

பக்கவாட்டில் நின்று பாருங்கள். டிராட்டில் குறுக்காக உள்ள இரு கால்கள் சேர்ந்து எழ வேண்டும். முன்காலில் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பும் அதன் ஜோடிப் பின்காலில் கணுவுக்குக் கீழுள்ள எலும்பும் ஏறக்குறைய இணைகோடுகளாகத் தெரியும். முன்கால் மட்டும் எகிறி, பின்கால் இழுபட்டால் முதுகு இறுகியிருக்கிறது. முன்குளம்பு காற்றில் எந்த இடத்தைச் சுட்டியதோ அங்கேயே இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். பின்வாங்கி இறங்கினால் அந்த வீச்சு வெறும் படம்.

அடுத்து தலை. காதுகளுக்குப் பின்னுள்ள உச்சிதான் கழுத்தின் மிக உயரமான இடமாக இருக்க வேண்டும். நெற்றியிலிருந்து மூக்குவரை உள்ள கோடு செங்குத்துக்குச் சற்று முன்னால். தாடையை நெஞ்சோடு இழுத்துப் பிடித்தால் உயரமான இடம் இரண்டாம், மூன்றாம் கழுத்தெலும்புக்கு நகர்ந்துவிடும். ஒரு கணம் அப்படிப் போவது பெரிய குற்றமில்லை. சுற்று முழுக்க அப்படியே இருப்பதுதான் கோளாறு. வாய் மூடியிருப்பதை வைத்து மட்டும் குதிரை நிம்மதியாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள், மூக்குப்பட்டை இறுக்கிக் கட்டியிருக்கலாம். அதனால்தான் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025 முதல் மூக்குக்கும் பட்டைக்கும் நடுவே 1.5 செ.மீ. இடைவெளியைக் கருவி வைத்தே அளக்கிறது.

மறைத்த இறுக்கமெல்லாம் வெளியே வருவது சாதாரண நடையில்தான். டிராட்டின் துள்ளல் பல குறைகளை மூடிவிடும், நடையில் அதற்கு வழியில்லை. நான்கு தாளமும் சம இடைவெளியில் கேட்க வேண்டும். வாய்விட்டு எண்ணிப் பாருங்கள். பின்குளம்பு முன்னே வந்து, அதே பக்க முன்குளம்பு எழும் தறுவாயில், இரு கால்களும் தலைகீழ்க் கூம்புபோல் நெருங்கித் தெரியும். இறுக்கமான குதிரையில் அது மறைந்து, ஒரே பக்கக் கால்கள் ஒட்டகம்போலச் சேர்ந்து நகரும். ஒருமுறை கெட்ட நடையைத் திருத்துவது மிகக் கடினம்.

பியாஃபேயில், அதாவது ஏறக்குறைய நின்ற இடத்திலேயே செய்யும் டிராட்டில், முன்கால்கள் வயிற்றுக்கடியில் பின்சாய்ந்து ஊன்றினால் எடை இடுப்புக்கு மாறவில்லை. இன்னும் தோளிலேயே நிற்கிறது.

வால் எப்போதும் ஒரே பக்கம் சாய்வது, ஒரு காலின் அடி மட்டும் தொடர்ந்து குறுகுவது: இரண்டில் ஒன்றைக் கண்டாலும் கடிவாளத்தை மாற்றும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.