கான்கிரீட்டில் தண்ணீரைக் குறைக்கும் சீப்பு

வீடு கட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சூப்பர்பிளாஸ்டிசைசர் என்று இரண்டு கேன்களுக்கு விலை கேட்டேன். ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு விலை. வேலை ஒன்றுதானே, மலிவானதை வாங்கிவிடலாமா?” சூப்பர்பிளாஸ்டிசைசர் என்பது கான்கிரீட் கலவையில் தண்ணீரைக் குறைக்கச் சேர்க்கும் வேதிப்பொருள். அது செய்யும் வேலை என்னவென்று தெரிந்தால் பதிலும் தானாக வந்துவிடும்.

சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. கணக்குப்படி 100 கிலோ சிமென்ட்டுக்குச் சுமார் 40 லிட்டர் தண்ணீர் போதும். ஆனால் அவ்வளவு மட்டும் ஊற்றினால் கலவை விறைப்பாக நிற்கும், கம்பிகளுக்கு இடையே இறங்காது. அதனால் 55, 60 லிட்டர் என்று ஊற்றுகிறார்கள். வினையில் சேராத தண்ணீர் பிறகு வெளியேறும்போது நுண்துளைகள் மிஞ்சுகின்றன. வலு குறைகிறது. தண்ணீர், சிமென்ட் விகிதம்தான் வலுவைத் தீர்மானிக்கிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் டஃப் ஆப்ராம்ஸ் 1918-லேயே காட்டிவிட்டார்.

சரி, கூடுதல் தண்ணீர் ஏன் தேவைப்படுகிறது? சிமென்ட் துகளில் பல கனிமங்கள் உண்டு. தண்ணீர் பட்டதும் சிலவற்றின் மேற்பரப்பு நேர்மின்னூட்டமும் சிலவற்றினுடையது எதிர்மின்னூட்டமும் பெறுகிறது. துகள்கள் ஒன்றையொன்று இழுத்துத் திரளும்போது தண்ணீரையும் உள்ளே பூட்டிக்கொள்கின்றன. தண்ணீர் கலவைக்குள்ளேயே இருந்தும் ஓட்டத்துக்கு உதவாமல் போகிறது.

1960-களில் ஜப்பானில் வந்த நாப்தலீன் வகை சூப்பர்பிளாஸ்டிசைசர், துகள்கள் எல்லாவற்றுக்கும் எதிர்மின்னூட்டம் கொடுத்து விலக்கியது. நல்ல வழிதான், ஆனால் கலவையின் இளக்கம் சீக்கிரமே போய்விடும். 1980-களில் அங்கேயே உருவான பாலிகார்பாக்சிலேட் வகையைத்தான் நான் மனதாரப் பாராட்டுவேன். அதன் மூலக்கூறு சீப்பு போன்றது. நடுத்தண்டில் எதிர்மின்னூட்டம், அது சிமென்ட் துகளைப் பற்றிக்கொள்கிறது. பற்களாக நிற்கும் பக்கச் சங்கிலிகளோ நீர்விரும்பிகள். சில நானோமீட்டர் தூரம் தண்ணீருக்குள் நீண்டிருக்கின்றன. இரண்டு துகள்கள் நெருங்கினால் இரண்டின் பக்கச் சங்கிலிகளுக்கும் இடநெருக்கடி. நெருக்கடியான அந்த இடத்துக்குள் சுற்றியுள்ள தண்ணீர் புகுந்து துகள்களைத் தள்ளிவிடுகிறது. திரள் உடைகிறது, பூட்டிய தண்ணீர் விடுபடுகிறது. அதே இளக்கத்தை 30 சதவீதம் வரை குறைந்த தண்ணீரில் பெறலாம்.

இதைவிட அழகான சங்கதி ஒன்று உண்டு. தண்டில் மின்னூட்டம் அடர்ந்திருந்தால் மூலக்கூறு உடனே ஒட்டிக்கொண்டு, தண்ணீரை நன்றாகக் குறைக்கும். மின்னூட்டத்தைக் குறைத்து வடிவமைத்தால் மெதுவாக ஒட்டும். மிச்சம் தண்ணீரிலேயே காத்திருந்து, புதிய மேற்பரப்பு உருவாக உருவாகப் போய் ஒட்டி, இளக்கத்தை நீண்ட நேரம் காக்கும். ஆக, ஒரே பெயர் கொண்ட இரண்டு கேன்கள் வேறு வேறு வேலைக்கானவையாக இருக்கலாம். மனிதர் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. சிமென்ட்டைக் குறைத்தும் வலு பெற உதவும் இந்த வேதியியலுக்கு இன்னும் தாராளமாக ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது விலைக்கு வருவோம். கேனில் பெரும்பாலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். எனவே லிட்டர் விலையை விட்டுவிட்டு, தகவல் தாளில் திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஒன்றில் 20, இரட்டை விலைக் கேனில் 40 என்றால் இரண்டும் ஒரே விலைதான். கான்கிரீட் சேர்மானங்களுக்கான அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். சி494-இல் எஃப் வகை தண்ணீரை வெகுவாகக் குறைப்பது. ஜி வகை அதோடு இறுகும் நேரத்தையும் தள்ளிப்போடும். குளோரைடு அளவையும் கேளுங்கள், அது கம்பியை அரிக்கும்.

அப்புறம், நாப்தலீன் வகையையும் பாலிகார்பாக்சிலேட்டையும் ஒரே தொட்டியில் கலக்கக் கூடாது, இரண்டும் ஒத்துப்போகாது. “கொஞ்சம் கூட ஊற்றினால் இன்னும் நல்லது” என்ற நம்பிக்கையும் தவறு: ஜல்லி தனியே பிரியும், இறுகுவதும் தாமதமாகும். மணலில் களிமண் இருந்தால் அதன் அடுக்குகளுக்குள் பக்கச் சங்கிலிகள் நுழைந்துவிடும், சிமென்ட்டுக்கு மருந்து போதாது. அதனால் மொத்தமாக வாங்குமுன் சிறிய கேன் ஒன்றை வாங்கி, நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே சிமென்ட், அதே மணலோடு கலந்து பாருங்கள். கலந்தவுடன் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை இளக்கத்தை அளந்தால் போதும்.