இயர்பட்ஸ் கேஸுக்குக் கவர்: ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை

கையிலிருக்கும் இயர்பட்ஸ் கேஸ் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நழுவினால், தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு 4.4 மீட்டர். அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதுதான் கேள்வி. டைல்ஸ் தரையில் மோதும் கெட்டி பிளாஸ்டிக் 0.1 மி.மீ. மட்டுமே அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி அதிர்ச்சி புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 10,000 மடங்கு. சிலிக்கோன் கவர் 1 மி.மீ. அமுங்கிக் கொடுத்தால் அதுவே 1,000 மடங்காகக் குறையும். மெல்லிய கெட்டி பிளாஸ்டிக் கவர் கீறலைத் தடுக்கும். அடியைத் தாங்காது, ஏனென்றால் அது அமுங்குவதில்லை. கேஸ் பெரும்பாலும் மூலையில்தான் விழும். ஆகவே, வாங்கும்போது மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.

அதற்காகத் தடிமனான கவரே நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். பல கேஸ்களில் மூடியில் சிறு காந்தமும், உடல் பகுதியில் அதை உணரும் ஹால் சென்சாரும் இருக்கும். கவரின் விளிம்பு இடையில் மாட்டி மூடி சரியாகப் படியாவிட்டால், மூடி திறந்தே இருப்பதாகக் கேஸ் நினைத்துக்கொள்ளும். இயர்பட்ஸ் போனோடு இணைப்பிலேயே இருக்கும், சார்ஜ் வீணாகும். கவர் மாட்டியதும் கேஸை மூடி, போனில் புளூடூத் இணைப்பு அறுகிறதா என்று பார்த்துவிடுங்கள். மூடிப் பகுதியைப் பசை நாடாவால் ஒட்டும் கவர்களில் வெயில் சூட்டுக்குப் பசை இளகும். மூடி நழுவி இதே தொல்லை வரும்.

வயர்லெஸ் சார்ஜிங்கில், கேஸை வைக்கும் சார்ஜிங் பேடின் கம்பிச் சுருளும் கேஸின் சுருளும் சில மி.மீ. இடைவெளிக்குள் இருக்க வேண்டும். கவர் தடித்தால் மின்சாரம் குறைவாகச் சேரும், மிச்சம் வெப்பமாகும். சாவிக்கொத்துபோல மாட்டும் உலோகக் கொக்கி பேடின்மேல் கிடந்தால், மாறும் காந்தப்புலம் அதில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடாக்கும். நல்ல பேடாக இருந்தால் அதை அறிந்து சார்ஜை நிறுத்திவிடும். கொக்கியைக் கழற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். லித்தியம் அயான் பேட்டரியை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்வது அதன் ஆயுளைக் குறைக்கும். கேஸ் கையில் சுடுகிறதென்றால் கவரையும் கழற்றிவிடுங்கள்.

கவரை வாரம் ஒருமுறை உரித்துப் பார்த்தால், விளிம்போரமாகச் சட்டைப்பைப் பஞ்சும் நுண்மணலும் கோடுபோலப் படிந்திருக்கும். சிலிக்கோன் தூசியை ஈர்க்கும் பொருள். அந்த மணல்தான் கவருக்குள்ளேயே கேஸைக் கீறுகிறது. கவரைச் சோப்பு நீரில் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரம் உள்ளே தங்கினால் சார்ஜிங் துளைக்குள் இறங்கும்.

எந்தக் கவராலும் தடுக்க முடியாத ஒன்று வியர்வை. உப்பு நீர் ஒட்டிய இயர்பட்ஸை அப்படியே உள்ளே வைத்தால், சார்ஜ் ஊசிகளில் மின்னழுத்தம் வந்ததும் மின்பகுப்பு தொடங்கி, ஊசி முனை பச்சையாகவோ கருப்பாகவோ அரிக்கும். ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உலர்ந்த மென்துணியால் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள்.