மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம்: சென்னைக் கல்லூரிகளைப் பிள்ளையோடு போய்ப் பார்க்க நினைக்கும் பெற்றோருக்கு

பிளஸ் டூ முடிவு வெளியான வாரத்தில் என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் வேலூர்ப் பக்கத்துப் பெற்றோர் பெரும்பாலும் ஒரே திட்டத்தோடுதான் வருகிறார்கள். விடியற்காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போவது, நான்கைந்து கல்லூரிகளைப் பார்ப்பது, பிடித்த இடத்தில் முன்பணம் கட்டிவிட்டு இரவுக்குள் காட்பாடியில் வந்து இறங்குவது. குடியாத்தத்தில் தறி ஓட்டுபவரானாலும் சரி, ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் தாயானாலும் சரி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளைக்காகக் கிளம்புகிறார்கள். அந்த அக்கறை வீணாகிவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரியைப் பார்க்க மே மாதத்தைப் போலப் பொருத்தமில்லாத மாதம் வேறு கிடையாது. பருவத் தேர்வு முடிந்தோ முடியும் தறுவாயிலோ இருக்கும். மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், ஆய்வகங்கள் பூட்டியிருக்கும். சுறுசுறுப்பாக இருப்பது சேர்க்கைப் பிரிவு ஒன்றுதான். அங்கே உங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, வண்ணப் புத்தகம் ஒன்றைக் கையில் தருவார்கள். அந்த ஒரு அறையைப் பார்த்துவிட்டு வந்ததைத்தான் பல குடும்பங்கள் கல்லூரியைப் பார்த்ததாக நினைத்துக்கொள்கின்றன.

மதிப்பெண் தரவரிசைப்படி அரசு இடம் ஒதுக்கும் பொறியியல் கலந்தாய்வு 2018ஆம் ஆண்டு முதல் இணையவழியில் நடக்கிறது. அதற்கு முன்பு கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு நேரில் போயாக வேண்டும். அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் பக்கத்து ஊர் கணினி மையத்தில் உட்கார்ந்து, ஒருமுறைகூடக் கால் வைக்காத கல்லூரிகளைத் திரையில் வரிசைப்படுத்தும் பிள்ளைகள் இன்று நிறைய. நேரில் போய்ப் பார்ப்பது முன்பைவிட இப்போதுதான் அவசியம் என்பேன்.

பிளஸ் ஒன் படிக்கும்போதே போய்விடுங்கள். முடியாவிட்டால் பிளஸ் டூ காலாண்டுத் தேர்வு விடுமுறையில் போகலாம். அரசு விடுமுறை நாட்களைத் தவிர்த்து, கல்லூரி நடக்கும் வேலைநாளாகத் தேர்ந்தெடுங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் அனுமதி கேளுங்கள்; பழைய கல்லூரிகள் பலவற்றில் வெளியாரைச் சும்மா உள்ளே விடமாட்டார்கள். உங்கள் ஊரிலிருந்து போய் அங்கே படிக்கும் பிள்ளை யாராவது இருந்தால் அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

சென்னைக்குப் போகும் முன் நம் வேலூரிலேயே இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள் என்றும் சொல்வேன். பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. 1898இல் தொடங்கிய ஊரீசு கல்லூரி, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, காட்பாடியில் பெண்களுக்கான ஆக்சீலியம் கல்லூரி எல்லாம் பஸ் ஏறினால் போய்விடும் தூரம்தான். ஓர் ஆய்வகமும் நூலகமும் எப்படி இருக்கும் என்று பிள்ளைக்கு இங்கேயே பிடிபட்டுவிட்டால், அங்கே கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்து மலைத்து நிற்காது. சில பிள்ளைகள் சென்னை வரை போய்ப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே படிக்கிறேன் என்று முடிவு செய்வதும் உண்டு. அதையும் நல்ல முடிவாகவே மதியுங்கள்.

'சென்னையில் கல்லூரி' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். அப்படி விளம்பரம் செய்யும் கல்லூரிகளில் பல காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் நம் பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே, சென்னை நகருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் முன்னால் வந்துவிடும். அங்கே படிப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மெரினாவும் பெரிய நூலகங்களும் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துப் போகும் பிள்ளை, நெடுஞ்சாலை ஓர விடுதியில் இரவு எட்டு மணிக்கு லாரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஏமாந்து போகும். அதைச் சேர்வதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

நகருக்குள் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். காட்பாடியில் காலை ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், சாலையைக் கடந்ததும் பூங்கா நிலையம். அங்கிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில் பாதையிலேயே நுங்கம்பாக்கத்தில் லயோலா (1925), கிண்டி வட்டாரத்தில் 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்னும் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி (1949), தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரி (1837) ஆகியவை வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயலாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதும். மூன்றாவது கல்லூரிக்குள் நுழையும்போது பிள்ளைக்குக் கால் வலியும் பசியும்தான் நினைவில் நிற்கும்.

டிக்கெட் எடுப்பதையும் எந்த நடைமேடை என்று விசாரிப்பதையும் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். ஒரு வருடம் கழித்து அந்த நகரத்தில் தனியாக நடமாடப்போவது அந்தப் பிள்ளைதான்.

வளாகத்துக்குள் போனதும் பெற்றோர் பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும். என் அறையில் அடிக்கடி நடப்பது இது. "உனக்கு என்ன படிக்க ஆசை, அம்மா?" என்று பெண்ணிடம் கேட்பேன். "இவளுக்கு கம்ப்யூட்டர்தான் சார்" என்று அப்பா பதில் சொல்வார். "விடுதியில் தங்குவாயா?" என்று கேட்டால், "அதெல்லாம் இருந்துகொள்வாள்" என்பார். அந்தப் பெண் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருப்பாள். அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டால்தான் உயிரியலில் விருப்பம், இரவில் தனியாகத் தூங்கப் பயம், ஆங்கிலத்தில் பாடம் நடத்தினால் புரியுமா என்ற கவலை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். இதே கேள்விகளை அவள் கல்லூரியில் கேட்க வேண்டும். அங்கே படிக்கும் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் கேட்க வேண்டும். அந்த அரைமணி நேரம் நீங்கள் கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருங்கள்.

கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பதைவிட அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். அதில் சென்ற வாரத்து அறிவிப்புகள் இருக்கின்றனவா, போன வருடத்துச் சுவரொட்டி வெளுத்துத் தொங்குகிறதா என்பது நிறையச் சொல்லும். ஆய்வகத்தில் கருவிகள் உறை போட்டு மூடியிருந்தால், கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள் என்று மாணவர்களிடம் கேட்கலாம். நூலகத்தில் பிள்ளை படிக்கப்போகும் பாடத்தின் அலமாரிக்குப் போய், நான்கு புத்தகங்களைப் புரட்டி, எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள். கழிப்பறைக்குக் கட்டாயம் போய்ப் பாருங்கள், முக்கியமாகப் பெண் பிள்ளையின் தாய். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போடக் கூடை இருக்கிறதா? வகுப்பு நேரம் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றோடு ஊர் திரும்பும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து விடுதிவரை, கூடுமானால் மாலை மங்கும் வேளையில், ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

வாசலில் 'நாக்' (தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு) தரச்சான்று என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அது கல்லூரி முழுமைக்குமான மதிப்பீடு. பொறியியலில் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனியாக என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உண்டு. உங்கள் பிள்ளை சேர நினைக்கும் பிரிவுக்கு அது இருக்கிறதா, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். கலந்தாய்வுக்கான கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல இருப்பதால், எண் இல்லாமல் பெயரை மட்டும் நம்பி விருப்பப் பட்டியல் போடுவது ஆபத்து.

பணத்தைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன்: பார்க்கப் போகும்போது முன்பணம் எடுத்துப் போகாதீர்கள். 'இன்றைக்குக் கட்டினால்தான் சீட்' என்று அவசரப்படுத்தும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சீட்டுக்காகக் கல்லூரிகள் நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. நம் பக்கத்துக் குடும்பங்கள் அதிகம் இழப்பது இன்னொரு வழியில். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு; அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கும் கட்டணச் சலுகை உண்டு. இவை கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். பயந்துபோய் மே மாதமே, கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டால் இந்த உரிமை கைவிட்டுப் போகிறது. கடன் வாங்கிக் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு என் எதிரில் அழுத தாய்மார்களை என்னால் மறக்க முடியவில்லை.

கட்டண விவரத்தை எழுத்தில் கேளுங்கள். படிப்புக் கட்டணம் தவிர விடுதி, மெஸ், பஸ், தேர்வு, சீருடை, வேலைவாய்ப்புப் பயிற்சி, காப்புத்தொகை என்று தனித்தனியாக வரும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், ஆனால் கையில் விட்டுவிட்டு வராதீர்கள். கல்லூரிகள் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது.

திரும்பி வரும் ரயிலிலேயே 'பிடித்ததா, சொல்' என்று நெருக்காதீர்கள். பிள்ளை இரண்டு நாள் யோசிக்கட்டும். பிறகு ஒரு நோட்டில் கல்லூரிக்கு ஒரு பக்கமாக, பார்த்ததையும் கேட்டதையும் அதன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த பக்கத்தில் உங்கள் கருத்தை நீங்கள் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பேசித் தீராவிட்டால் பள்ளி ஆசிரியரிடமோ என்னைப் போன்றவர்களிடமோ அந்த நோட்டோடு வாருங்கள். கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்பும் நாளில், குறியீட்டு எண்கள் எழுதிய அதே நோட்டு பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.