கேட்டதா, இல்லையா: செவிப் பரிசோதனையில் ஐயத்துக்கும் மதிப்புண்டு

பாம்பன், மண்டபம் பகுதிகளிலிருந்து செவிப் பரிசோதனைக்கு வரும் விசைப்படகு டிரைவர்களில் சிலர், ஐயமறக் கேட்டாலொழியப் பொத்தானை அழுத்துவதில்லை; வேறு சிலரோ, காது மந்தம் என்று தெரிந்தால் தொழிலுக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற அச்சத்தில், ஒலியே இல்லாதபோதும் அழுத்திவிடுகிறார்கள். "ஆம்", "இல்லை" என்ற விடையில் காதின் திறனோடு மனத்தின் துணிவும் கலந்தே வருகிறது.

50 முறை மெல்லிய ஒலியையும் 50 முறை வெறும் அமைதியையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒலி வந்தபோது 40 முறையும் அமைதியில் 20 முறையும் "கேட்டது" என்கிறார். மற்றவர் முறையே 30, 10 என்கிறார். முதலாமவரின் காதே கூர்மையானது என்று தோன்றும். ஆனால் காதின் திறனையும் விடை சொல்லும் துணிவையும் பிரித்துப் பார்க்கும், 1950களில் உருவான சமிக்ஞை கண்டறிதல் கோட்பாட்டின் வழக்கமான கணக்கில், இருவரின் உணர்திறனும், அதாவது ஒலியை அமைதியிலிருந்து பிரித்தறியும் அளவும், ஏறத்தாழ 1.09தான்; முதலாமவர் "கேட்டது" என்று எளிதில் சொல்லிவிடுகிறார், அவ்வளவே.

ஆகவே ஐயம் எழும் இடங்களில் நான்கு படிகளில் விடை கேட்கிறேன்: "கண்டிப்பா கேட்டுச்சு", "கேட்ட மாதிரி இருந்துச்சு", "கேக்காத மாதிரிதான் இருந்துச்சு", "கண்டிப்பா கேக்கல". "அண்ணே, சந்தேகம்னா சந்தேகம்னே சொல்லுங்க" என்றதும் பலருக்கு முகம் தெளிந்துவிடும். படிகளுக்கிடையிலான மூன்று எல்லைகளும் மூன்று தனித்தனித் தேர்வுகள்போல் பயன்படுவதால், ஒரே அமர்வில் ஒரு வளைகோட்டுக்கு மூன்று புள்ளிகள் கிடைக்கின்றன; ஒலி வந்தபோது "கேட்டது" என்ற விகிதத்தை, அமைதியில் "கேட்டது" என்ற விகிதத்துக்கு எதிரே குறித்து வரைவதே அந்த வளைகோடு. வளைகோட்டின் கீழுள்ள பரப்பு 0.5 என்றால் வெறும் ஊகம். 1 என்றால் பிழையே இல்லை.

ஐயத்தோடு சொல்லும் விடை வீண் என்று எண்ண வேண்டாம். பியர்ஸ், ஜாஸ்ட்ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1884இல் விரல்மீது அளவில் மிகச் சிறிதே வேறுபடும் இரண்டு அழுத்தங்களைக் கொடுத்து, எது கூடுதல் என்று கேட்டுச் சோதித்தபோது, நம்பிக்கை துளியும் இல்லை என்று 0 இட்ட விடைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு சரியாக இருந்தன; வெறும் ஊகமென்றால் பாதிதான் சரியாக இருந்திருக்கும். மனம் அறியாததைப் புலன் அறிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இம்முறைக்கு நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால் எல்லோருக்கும் செய்ய இயலாது. இரவெல்லாம் இன்ஜின் அருகில் இருந்துவிட்டுக் கரையேறியதும் வருபவருக்குக் காதே தற்காலிகமாக மந்தப்பட்டிருக்கும். அதை எந்தப் படிநிலையும் சரிசெய்யாது. குறைந்தது 14 மணி நேரம் அந்த இரைச்சலிலிருந்து விலகியிருந்து, உறங்கியெழுந்த பின் வாருங்கள்.