தண்ணீரில் நின்ற காருக்குச் செல்ஃப் அடிக்கக் கூடாது, ஏன்?

மார்கழி விடியலில்கூட சென்னையின் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குளிர் எந்த இன்ஜினையும் ஒன்றும் செய்யாது. இங்கே காருக்குச் சோதனை ஐப்பசியும் கார்த்திகையும்தான். அதிலும் வடசென்னை தட்டையான, தாழ்ந்த நிலம். ஓட்டேரி நல்லா ஓடை, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு என்று எதில் விழுந்தாலும் தண்ணீர் கடைசியில் கடலுக்குத்தான் போக வேண்டும். கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் அது வடியாமல் நிற்கும். புழல் ஏரியில் உபரி நீர் திறந்துவிட்டால் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் பக்கம் மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறும். ரயில் பாதைக்கு அடியில் குனிந்து போகும் சுரங்கப்பாதைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தண்ணீரில் கார் நின்றுவிட்டால் 'சைலன்சரில் தண்ணி ஏறிடுச்சு' என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினைப் பொறுத்தவரை இது சரியில்லை. 30 செ.மீ. ஆழத் தண்ணீர் தரும் அழுத்தம் 0.03 பார், அதாவது காற்றழுத்தத்தில் வெறும் 3 சதவீதம்தான். இன்ஜின் புகையைத் தள்ளும் வேகத்துக்கு அது ஒரு தடையே இல்லை. வண்டியைக் கொல்வது முன்பக்கம். காற்றை உறிஞ்சும் குழாயின் வாய் பல கார்களில் முன் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டரின் மேல் விளிம்பை ஒட்டி இருக்கும். சில கார்களில் இன்னும் தாழ்வாக, பம்பர் ஓரத்தில் இருக்கும். பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து குழாயைத் தொட்டுக்கொண்டே போனால் வாய் எங்கே என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அது தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்று டேப் வைத்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காருக்கு இதைவிட முக்கியமான எண் மழைக்காலத்தில் கிடையாது.

அந்த வாய் தண்ணீரைக் குடித்தால் என்ன ஆகும்? 1200 சி.சி., 4 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 300 சி.சி. அழுத்த விகிதம் (பிஸ்டன் அடியில் இருக்கும்போது மேலே உள்ள மொத்த இடம், உச்சியில் மிஞ்சும் இடத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) 11 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 300-ஐ 10-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 30 மில்லி. இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் உள்ளே போனால் அந்த இடம் நிரம்பிவிடும். முனையை விரலால் அடைத்த ஊசி சிரிஞ்சில் காற்று இருந்தால் தண்டு ஓரளவு இறங்கும். தண்ணீர் இருந்தால் அசையாது. பிஸ்டனுக்கும் அதே கதிதான். டீசல் இன்ஜினில் விகிதம் 17 வரை போகும் என்பதால் மிஞ்சும் இடம் 20 மில்லிக்கும் குறைவாகலாம். டீசல் பெரும்பாலும் காற்றைத் தடுத்து நிறுத்தாமல் முழு மூச்சாக இழுக்கும். 'டீசல் வண்டி, போயிடும்' என்ற தைரியம் இங்கே உதவாது.

பல நேரம் வண்டி நிற்பது சிலிண்டர் நிரம்பியதால் அல்ல. ஏர் ஃபில்டர் காகிதம் நனைந்து ஊறிக் காற்று போகாமல் மூச்சுத் திணறி நின்றிருக்கும். உள்ளே போனது சொற்பம். இந்த நிலையில் இன்ஜின் இன்னும் நல்ல இன்ஜின்தான். அடுத்த நிமிடத்தில் சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடிக்கும்போதுதான் குழாயில் தேங்கிய தண்ணீரும் சேர்ந்து உறிஞ்சப்படுகிறது. ஒரு சிலிண்டர் நிரம்பியிருக்கும். மற்ற மூன்றில் ஏதோ ஒன்று பற்றிக்கொள்ளும். பற்றிய சிலிண்டரின் பலம் முழுவதும், நகர முடியாத பிஸ்டன் மேல் இறங்கும். வளைவது, பிஸ்டனைக் கீழே சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட். கொஞ்சமாக வளைந்த ராடுடன் வண்டி ஓடவும் செய்யும். சில நாள் கழித்து 'டக் டக்' சத்தம் வரும். ஒரு நாள் ராட் உடைந்து இன்ஜின் பிளாக்கையே ஓட்டை போட்டுவிடும்.

ஆகவே எவ்வளவு ஆழத்தில் போகலாம் என்பதோடு எவ்வளவு வேகத்தில் போகலாம் என்பதும் சேர்ந்த கேள்வி. முன் பம்பர் தள்ளும் தண்ணீர் எழக்கூடிய உச்ச உயரம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் அது அதிகபட்சம் 10 செ.மீ. 10 கி.மீ. வேகத்தில் 39 செ.மீ. வரை போகலாம். வேகம் இரண்டு மடங்கு, அலை நான்கு மடங்கு. நடப்பவர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது இதனால்தான். எதிரே வரும் கன்டெய்னர் லாரி எழுப்பும் அலை உங்கள் அலையோடு சேரும் என்பதையும் மறக்காதீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி சாலையிலும் லாரி கடந்து போகும் வரை ஒதுங்கி நிற்பது நல்லது.

ஆழத்தைக் கண்ணால் அளக்க ஆட்டோவைப் பாருங்கள். அதன் சக்கரம் சுமார் 40 செ.மீ. விட்டம். சக்கரத்தின் நடு அச்சு மூழ்கினால் 20 செ.மீ. ஆழம். முன்னே போகும் சிறிய காரின் சக்கர நடு மூழ்கினால் கிட்டத்தட்ட 30. அங்கேயே நின்றுவிடுங்கள். சிறிய காரின் அடித்தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 17 செ.மீ. உயரம். அதன் பரப்பு 4.5 சதுர மீட்டர் என்றால், தளத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு செ.மீ. தண்ணீரும் உள்ளே கசியும் முன் காரை 45 கிலோ அளவுக்குத் தூக்கும். 10 செ.மீ. ஏறினால் 450 கிலோ, 900 கிலோ காரின் பாதி எடை. இன்ஜின் முன்னால் இருப்பதால் பின்பக்கம் முதலில் மிதக்கும். ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது.

சுரங்கப்பாதையில் இன்னொரு ஏமாற்று உண்டு. நீர்ப்பரப்பு மட்டமாகத் தெரியும், தரையோ சரிந்துகொண்டே போகும். சரிவு 20-க்கு 1 என்றால் 10 மீட்டர் முன்னே போனதும் ஆழம் 50 செ.மீ. கூடியிருக்கும். தேங்கிய சுரங்கப்பாதைக்குள் காரை இறக்கவே இறக்காதீர்கள். சுற்றிப் போக அரை மணி நேரம் ஆனாலும் போங்கள்.

சாதாரணத் தெருவில் போய்த்தான் ஆக வேண்டுமென்றால்: முன்வண்டி முழுதாகக் கரையேறும் வரை காத்திருங்கள், நடுவில் நிற்க நேரக் கூடாது. முதல் கியர், நடப்பவர் வேகத்தில் ஒரே சீராக. அரை கிளட்சில் வைத்து உறுமவிடாதீர்கள். சாலையின் நடு மேடாக இருக்கும், ஓரத்தில் மழைநீர் வடிகால் மூடி திறந்திருக்கலாம் என்பதால் நடுவைப் பிடித்துப் போங்கள். வெளியே வந்ததும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே 100 மீட்டர் போனால் பேட் சூடாகிக் காயும். காயாத பிரேக்கை நம்பி வேகம் எடுக்கக் கூடாது.

வண்டி நின்றுவிட்டதா? சாவியை ஸ்டார்ட் பக்கம் திருப்பாதீர்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால் பட்டனைத் தொடாதீர்கள். தண்ணீர் கதவின் அடிவிளிம்பைத் தாண்டி ஏறினால் முதலில் ஆட்களை இறக்குங்கள். பவர் விண்டோ வேலை செய்யும்போதே கண்ணாடியை இறக்கிவிடுங்கள். பிறகு சாவியை அணைத்து, ஆனால் எடுக்காமல் (எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்), நியூட்ரலில் போட்டு மேட்டுக்குத் தள்ளுங்கள். எட்ட முடிந்தால் 10 மி.மீ. ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஆட்டோமேட்டிக் காரை இழுத்துப் போகக் கூடாது, தூக்கி வைக்கும் வண்டிதான் சரி. மாநகராட்சிப் புகார் எண் 1913, அவசரத்துக்கு 112, தேசிய நெடுஞ்சாலையில் 1033.

மெக்கானிக் வந்ததும் செய்ய வேண்டிய வரிசை இது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்க வேண்டும். காகிதம் உலர்ந்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. நனைந்திருந்தால் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். ஆயில் வெளுத்து நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. பெட்ரோல் வண்டியில் எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் புல்லியைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் மட்டுமே சில விநாடி செல்ஃப். பிளக் துளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி வெளியேறும், அப்போது முகத்தை அருகில் வைக்கக் கூடாது. அதன் பிறகு புது ஆயில், புது ஆயில் ஃபில்டர், புது ஏர் ஃபில்டர். டீசலில் இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக்கைக் கழற்ற வேண்டியிருக்கும், அது கடையில் செய்யும் வேலை.

மழைக்கு முன் பார்த்துவிட வேண்டியவற்றில் பேட்டரிதான் முதலில். அதை அரிப்பது சித்திரை வெயில், அம்பலமாவது மழையில். ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் மட்டும் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். கூடவே வைப்பர், ஏ.சி. புளோயர். நெரிசலில் ஊர்ந்து போகும்போது, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் முழு அளவு தராது. இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தால் மாற்றுங்கள். காசிமேடு, எண்ணூர் போன்ற கடலோரத்தில் உப்புக் காற்றால் டெர்மினலில் பூஞ்சை போலப் படியும். வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து தேய்த்துக் கழுவி, துடைத்து, வாசலின் தடவுங்கள். ஜம்ப் கேபிள் போடும்போது கடைசிக் கறுப்பு முனை செத்த பேட்டரியில் அல்ல, இன்ஜினின் வெற்று உலோகத்தில். பேட்டரி விடும் ஹைட்ரஜன் அருகே பொறி பறக்கக் கூடாது.

டயர் பள்ளம் 1.6 மி.மீ. சட்ட வரம்பு, மழைக்கு 3 இருக்கட்டும். காற்று குறைந்த டயர் தண்ணீர் மேல் சீக்கிரம் வழுக்கும்: 33 பி.எஸ்.ஐ.யில் 95 கி.மீ. வேகத்தை ஒட்டி மிதக்கத் தொடங்கும் டயர், 25-இல் 83-லேயே மிதக்கும். மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் எல்லாரும் தொடும் வேகம்தான் இது. டீசலும் ஆயிலும் சிந்திய லாரிச் சாலைகளில், கனமழையைவிட முதல் தூறல்தான் அதிகம் வழுக்கும்.

கண்ணாடி உள்ளே மங்கினால் ஏ.சி.யைப் போட்டு வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். வெளியே மங்கினால் கண்ணாடி மிகக் குளிர்ந்துவிட்டது என்று பொருள். 25 டிகிரிக்கு ஏற்றிவிட்டு வைப்பர் போடுங்கள்.

தண்ணீரைக் கடந்து வந்த கார் ஓடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். வீல் பேரிங்கில் புகுந்த சேறு இரண்டு மூன்று வாரத்தில் உறுமலாக வெளிப்படும். கியர்பாக்ஸ் மூச்சுத்துளை வழியாகத் தண்ணீர் போயிருந்தால் அந்த ஆயிலும் வெளுத்திருக்கும். நனைந்த காரை ஹேண்ட்பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்தினால் பின் டிரம்மில் பிரேக் ஒட்டிக்கொள்ளும், கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். காப்பீட்டுத் தாளையும் எடுத்துப் பாருங்கள். சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்து இன்ஜின் உடைவது பொதுவாக அடங்காது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் இணைப்பைப் புரட்டாசிக்குள் சேர்த்துவிடுங்கள்.