ஆமைக் குஞ்சுக்கு வாளியில் தண்ணீர் வைக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். பாதி வரைக்கும் கடல் தண்ணீர். அதற்குள் முப்பதுக்கும் மேல் ஆமைக் குஞ்சுகள். மேலே இருந்தவை துடுப்புகளை அடித்துக்கொண்டு ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. கையை விட்டு அடியில் துழாவினேன். ஏழு குஞ்சுகள் அசைவில்லாமல் கையோடு வந்தன. ஒரு குஞ்சின் ஓடு தீப்பெட்டி நீளம்கூட இருக்காது. கழுத்து துவண்டு விரலிடுக்கில் தொங்கியது. இரண்டை மீட்க முடிந்தது. மற்ற ஐந்தும் போய்விட்டன.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் ஒரு குப்பத்தில் நடந்த கடற்கரை விழா அது. என்னைக் கால்நடை மருத்துவர் என்ற முறையில் பேச அழைத்திருந்தார்கள். விடியற்காலை நாலு மணிக்கே குஞ்சுகள் மணலை விட்டு வெளியே வந்துவிட்டன. எட்டு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்து கடலில் விட வேண்டும் என்பதற்காகப் பிடித்து வைத்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள், கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதில் ஒரு தம்பி கண் கலங்கிப்போய்ச் சொன்னான்: "கடல் ஆமைதானே சார், தண்ணி இல்லாம செத்துடக் கூடாதேன்னுதான் ஊத்தி வெச்சோம்."

இந்தப் பேச்சை நான் பதினைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். படித்தவர், படிக்காதவர், அதிகாரி, ஆசிரியர் என்று யாரும் விலக்கில்லை. அதனால் தயவுசெய்து கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆமை மீன் இல்லை. அதற்குச் செவுள் கிடையாது. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றை அதனால் எடுக்க முடியாது. மாட்டுக்கு இருப்பது போல, நமக்கு இருப்பது போல நுரையீரல்தான் இருக்கிறது. மூச்சு விட ஒவ்வொரு முறையும் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கியே ஆக வேண்டும். அதிக நேரம் மூச்சடக்கத் தெரியும், அவ்வளவுதான். வெளியே வந்த குஞ்சு நிற்காமல் நீந்தும்; கரையோர ஆபத்தைத் தாண்டி ஆழத்துக்குப் போய்ச் சேரத்தான் அந்த வேகம். அதற்கான தெம்பு வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவில் சில நாளைக்கு மட்டும் இருக்கிறது. அதை நான்கு மணி நேரம் வாளியின் சுவரில் முட்டி முட்டியே செலவழிக்க வைத்துவிட்டோம். கடைசியில் தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் அடியில் போன குஞ்சு மூழ்கிச் செத்தது. மாடு தண்ணீர் குடிக்கிறதே என்று அதைக் குளத்தில் முக்கி வைப்போமா?

இதே தவறுதான் பெரிய ஆமைக்கும் நடக்கிறது, இன்னும் மோசமாக. கரையில் ஒரு ஆமை அசையாமல் கிடக்கும். காலையில் நடக்க வந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து, பாவம் என்று தூக்கி அலையில் தள்ளுவார்கள், கைதட்டுவார்கள், வீடியோவும் எடுப்பார்கள். வலைக்குள் வெகு நேரம் மாட்டிய ஆமை நுரையீரலில் தண்ணீர் ஏறி மயங்கிவிடும். பார்த்தால் செத்தது போலவே இருக்கும். அந்த நிலையில் கடலில் தள்ளினால் தலையைத் தூக்க முடியாமல் மூழ்கிவிடும். இரண்டு நாள் கழித்து நாலு கிலோமீட்டர் தள்ளி அதே ஆமை ஊதிப்போய் ஒதுங்கும். வனத்துறையினர் முன்னிலையில் நான் அறுத்துப் பார்ப்பேன். மூச்சுக்குழல் முழுக்க நுரை. வலையில் பிழைத்ததைக் கரையில் நின்ற நாம் கொன்றிருக்கிறோம்.

அப்படி ஒரு ஆமையைப் பார்த்தால் செய்ய வேண்டியது இது. கடலில் தள்ளாதீர்கள். மல்லாக்கப் புரட்டாதீர்கள். தலையையோ துடுப்பையோ பிடித்து இழுக்காதீர்கள். நிழலில் வயிறு கீழே படும்படி வைத்து, பின்பக்கத்துக்கு அடியில் ஒரு பழைய டயரையோ மணல் மூட்டையையோ கொடுத்து முக்கால் அடி உயர்த்துங்கள். தண்ணீர் தானாக வாய் வழியே வழியும். முதுகில் ஈரச் சாக்கு போடலாம், மூக்கை மூடாமல். வனத்துறைக்குச் சொல்லுங்கள். நாலு மணி நேரத்தில் தெளிகிற ஆமையும் உண்டு, ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்வதும் உண்டு. பொறுமைதான் மருந்து. தாழங்குடா பக்கம் மீன்பிடிக்கிற அண்ணன் ஒருவருக்கு இதை ஒரே ஒரு முறை செய்து காட்டினேன். இதுவரை மூன்று ஆமையைப் பிழைக்க வைத்திருக்கிறார்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது மனசு ஆறவில்லை. இழுவலைக்கு அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு விழா மேடையிலும் மைக்கைப் பிடித்து ஒட்டுமொத்த மீனவர்களையும் திட்டுவது எனக்குச் சம்மதமில்லை. எனக்கு வரும் தகவலில் பாதிக்கு மேல் கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் போகிறவர்கள் சொல்வதுதான். அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

சரி, விழாக்களுக்கு வருகிறேன். நம் கரைக்கு முட்டையிட வருகிற இந்த ஆமைக்குப் பங்குனி ஆமை என்று பெயர், பெயரிலேயே மாதம் இருக்கிறது. ஒரு தாய் ஒரு முறைக்கு நூறு, நூற்றிருபது முட்டை இடும், 45 முதல் 60 நாளில் பொரியும். மாசி, பங்குனியில் ஒரே மணலில் ஒரு பக்கம் தாய் ஏறும், இன்னொரு பக்கம் குஞ்சு இறங்கும். நம் ஊரில் மாசி மகம், கடற்கரைத் துப்புரவு, ராத்திரியில் கரையோரம் நடந்து ஆமையையும் முட்டைக் குழியையும் தேடுகிற ஆமை நடை, பள்ளிக்கூட இயற்கை முகாம், பாரம்பரிய நடை எல்லாம் வருவதும் அதே மாதங்களில்தான்.

மாசி மகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கடலூர் தேவனாம்பட்டினத்துக்கும் புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்கும் சுற்றுவட்டாரச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரிசையாக வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக்கு வரும்போது தைக்கால் தர்கா பக்கம் முஸ்லிம்கள் மரியாதை செய்து வரவேற்பதைப் பார்க்காதவர்கள் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். நான் கவலைப்படுவது தீர்த்தவாரியைப் பற்றி அல்ல, அதற்கு முந்தின ராத்திரியைப் பற்றி. கடை போடுகிறவர்கள் ஜெனரேட்டர் வைத்து, ஃபோகஸ் விளக்கைக் கடலைப் பார்த்துத் திருப்பிவிடுகிறார்கள். வெளிச்சத்தைக் கண்ட தாய் முட்டையிடாமல் திரும்பிப் போகும். குஞ்சு வெளிச்சம் இருக்கிற திசைதான் கடல் என்று நம்பி ஊர்ப் பக்கம் ஏறும். ஒரு வருடம் மகத்தன்று காலையில் சவுக்குத் தோப்பு ஓரம் ஒரு விளக்குக் கம்பத்தைச் சுற்றிக் குஞ்சுகள் கிடந்தன. கண்ணிலெல்லாம் எறும்பு. அடுத்த வருடம் அந்தக் குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் போய் உட்கார்ந்து பேசினேன். இரவு பத்து மணிக்கு மேல் கடலைப் பார்த்த விளக்கு எதுவும் எரியக் கூடாது, டிராக்டர்கள் அதற்கென்று போட்ட தடத்தை விட்டு மணலில் இறங்கக் கூடாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். விழாவுக்கு ஒரு குறையும் வரவில்லை.

துப்புரவு நடத்துகிறவர்களுக்கு: குப்பையைப் பொறுக்குங்கள், அடும்பங்கொடியைப் பிடுங்காதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான். அதன் ஓரத்தில் ஆமை முட்டை புதைப்பதைச் சங்கப் பாட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். "களை எடுத்துச் சுத்தம் செய்தோம்" என்று மொட்டை மணலைப் படம் எடுத்துப் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஜேசிபி வைத்து மணலை வாருவதும் வேண்டாம், அடியில் முட்டை இருக்கும்.

முட்டைக் குழி கண்ணில் பட்டால் தோண்டாதீர்கள். நாய் தின்றுவிடும் என்று பத்தாம் நாள் எடுத்து வேறு இடத்தில் புதைத்தேன் என்று ஒரு ஆசிரியர் பெருமையாகச் சொன்னார். ஆமை முட்டையைக் கோழி முட்டை மாதிரி திருப்பக் கூடாது. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் உருட்டினால் கரு செத்துவிடும். இட்டவுடனே எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பது பழகினவர்கள் அனுமதியோடு செய்கிற வேலை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், மிக உயர்ந்த பாதுகாப்புத் தருகிற முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி இது. ஆசையாகத் தொட்டேன் என்பது சட்டத்துக்குப் பதிலாகாது.

ஆமை நடைக்குப் போகிறவர்கள் நல்ல பழக்கத்துக்குப் போகிறீர்கள். சென்னையில் மாணவர்கள் 1988 முதல் இதைக் கட்டுப்பாட்டோடு நடத்திக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளை டார்ச் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். தாய் குழி தோண்டும்போது முன்னால் போய் நிற்காதீர்கள். "பாருங்க, பிரசவ வலியில அழுவுது" என்று யாராவது சொன்னால் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள். அது வலியில் வருகிற கண்ணீர் இல்லை. உடம்பில் சேருகிற உப்பைக் கண்ணோரச் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது. கடலுக்குள் இருக்கும்போதும் அப்படித்தான்.

விருந்தினருக்காகக் குஞ்சுகளைக் காக்க வைக்காதீர்கள். விருந்தினர் நாலு மணிக்கு வரட்டும். வர முடியாதவர் மேடையில் பேசிவிட்டுப் போகட்டும். எட்டு மணிக்கு மணல் சுடும், காக்கையும் பருந்தும் தலைக்கு மேல் நிற்கும். எதிர்பாராமல் சில மணி நேரம் வைத்திருக்க வேண்டி வந்தால், அடியில் ஈர மணல் போட்ட கூடையில், மேலே துணி மூடி, இருட்டான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. விடும்போது அலையில் வீசாதீர்கள். அலைக்குப் பத்து அடி முன்னால் மணலில் இறக்கிவிடுங்கள், அதுவே நடந்து போகட்டும். கூட்டம் பின்னால் நிற்கட்டும், காலடியில் குஞ்சு மிதிபடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பங்குனி முடிய இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் ஊரில் ஏதாவது ஏற்பாடு செய்திருந்தால் முதல் நாளே வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள், எனக்கும் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணி என்றாலும் வருகிறேன். அந்தத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான், கூடையோடு.